எண்ணூர் காற்றின் அளவை உங்க ஏரியா வெப்சைட்ல காட்ட முடியுமா? பிரவுசர் கேட்கும் 'கோர்ஸ்' அனுமதி என்ன?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்ததும் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். மணலி, ராயபுரம், கொடுங்கையூரில் காற்றுத்தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அந்த அளவை ஒரு மீனவர் சங்கம் தன் வெப்சைட்டில் நேரடியாகக் காட்ட நினைத்தால்?

தடுப்பது யார்?

சர்வர் பதில் அனுப்பிவிடும். ஆனால் அது வேறு முகவரியின் தகவல் என்பதால், உங்க போன் பிரவுசர் அதைச் சங்கத்தின் பக்கத்துக்குக் கொடுக்காது. துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கியும் கேட் பாஸ் இல்லாம லாரி வெளியே வர முடியாத மாதிரி. அந்த பாஸ்தான் 'கோர்ஸ்'.

பாஸ் தருவது யார்?

தகவலை வைத்திருக்கும் சர்வர்தான். 'இந்த முகவரிக்கு அனுமதி' என்று பதிலோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். காற்றுத்தரம் பொதுத் தகவல். '*' போட்டு எல்லாரையும் அனுமதிக்கலாம். அந்த வரி இல்லையென்றால், சங்கம் இடையில் சொந்தமாக ஒரு சர்வர் வைக்கணும். செலவு கூடும்.

ஆபத்து எங்கே?

லாகின் செய்து பார்க்கும் பக்கங்களில். கேட்கிற முகவரிக்கெல்லாம் அனுமதி தந்தால், போலி வெப்சைட் உங்க கணக்கு விவரத்தைப் படிக்க வழியுண்டு. அங்கே நம்பகமான முகவரிகளை மட்டும் பட்டியலிடுவதே பாதுகாப்பு.