பதினாறாம் நாளுக்குப் பிறகு

பக்கவாதம் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் பலரை முடங்காமல் காப்பாற்றலாம். அந்தச் செலவுக்கு அரசு மருத்துவமனையும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டையும் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனால் அந்தக் காப்பீட்டின் விதிப்படி, டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுதான் காப்பீட்டில் சேரும். நோயோ ஆயுள் முழுவதும் கூட வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று தினமும் விழுங்க வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் வந்த பக்கவாதம் என்றால் வார்ஃபரின் எழுதுவார்கள். மாத்திரை மலிவுதான், ஆனால் அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் மறுபடி கட்டி என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளின் விலை அதிகம். இவற்றோடு எக்கோ, பிசியோதெரபி, ஒவ்வொரு முறையும் ஆட்டோ வாடகை. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு. இதில் பெரும்பகுதி எந்த மருத்துவமனை பில்லிலும் வராது. அதனால்தான் அரசின் கணக்கிலும் வருவதில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே’ என்பார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எக்கோ இயந்திரம் வீடு தேடி வராது. இழந்த கூலியையும் அது தராது. ‘எல்லாவற்றுக்கும் அரசு பணம் கொடுத்தால் கஜானா தாங்குமா?’ என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, முன்பே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் நிறுத்தியவர் மீண்டும் விழுந்தால், அவரைச் சேர்க்கும் செலவு அதே காப்பீட்டின் தலையில்தான் விடியும்.

முடங்கியவருக்கு வருமானம் தருவது நம் நாட்டுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி ஒரு பக்கம் செயலிழந்து போனால், பணிக்கால நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கூலியில் 80 சதவிகிதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழியிருக்கிறது. சித்தாளுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் பெரும்பாலும் அந்த வழி இல்லை. 15 நாள் வரம்பைப் பக்கவாத நோயாளிகளுக்கு முதலில் ஓராண்டாக நீட்டுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள் வழியே மாத உதவித்தொகை கொடுங்கள். மத்திய, மாநில அரசுகள் வரும் பட்ஜெட்டிலேயே இதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.