காஸ் கட்டை பூட்ட வருபவரிடம் உரிமம் கேளுங்கள்

ஸ்காபரோவில் தம்பி வாங்கியிருக்கும் வீடு அறுபதுகளில் கட்டியது. வரவேற்பறையில் செங்கல்லால் கட்டிய விறகுக் கணப்பு ஒன்று இருக்கிறது. விறகு சுமக்கவும் சாம்பல் அள்ளவும் நேரமில்லை என்று அதற்குள் காஸ் கட்டைகள் வைக்கப்போகிறான். வைக்கட்டும். பீங்கான் கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் தீ எழுந்து ஆடுவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அடுத்து அவன் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது: "தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான் அக்கா. பாதிக் காசுக்குப் பூட்டித் தருவான்."

வீட்டு வேலை என்றால் நாங்கள் முதலில் தேடுவது தெரிந்த ஆளைத்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்க அது போதும். காஸ் வேலைக்குப் போதாது. ஒன்ராறியோவில் காஸ் குழாயில் கைவைப்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். அவரை அனுப்பும் நிறுவனம் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று தம்பி கேட்டான். காரணம் புகைபோக்கியின் தொண்டையில் இருக்கிறது. அங்கே 'டாம்பர்' என்ற இரும்புத் தட்டு உண்டு. விறகு எரித்தவர்கள் தீ அணைந்ததும் குளிர்காற்று இறங்காமலிருக்க அதை மூடிவிடுவார்கள். காஸ் கட்டை வைத்த கணப்பில் அந்தத் தட்டு ஒருபோதும் முழுதாக மூடக்கூடாது. மூட முடியாதபடி அதில் ஓர் இரும்புக் கவ்வியைப் பூட்டிவிட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான், அவசர வேலையில் முதலில் விடுபடுவதும் அதுவாகத்தான் இருக்கும். பழைய புகைபோக்கியில் விறகின் கரிப்பிசின் படிந்திருக்கும், பறவைக்கூடும் இருக்கலாம். துப்புரவாக்கிச் சோதித்த பிறகே காஸைத் திறக்க வேண்டும். கட்டைகளையும் அழகுக்காக மாற்றி அடுக்கக்கூடாது. தீ கட்டையில் தவறாகப் பட்டால் கரி படியும், காஸ் சரியாக எரியாது.

"ஏதும் பிழையென்றால் மணக்கும்தானே" என்றான் தம்பி. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். காஸில் கலக்கும் அந்தக் கூழ்முட்டை மணம், எரியாமல் கசியும் காஸைத்தான் காட்டிக்கொடுக்கும். காஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி, களைப்பு என்று காய்ச்சல் போலத் தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.

2008இன் இறுதியில் வூட்ஸ்டாக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்ற காவல் அதிகாரியும் அவருடைய கணவரும் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. தீயணைப்பு வீரராக இருந்த லோரியின் உறவினர் ஜோன் ஜின்யாக் விடாமல் போராடினார். 2013இல் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய அலாரச் சட்டத்துக்கு அந்த இரு குடும்பப் பெயர்களும் சூட்டப்பட்டன. அந்தச் சாவுகளை நினைத்தால் மிச்சம் பிடிக்கும் பாதிக் காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த கணப்பில் வைக்கும் காஸ் கட்டை கண்ணுக்குத்தான் நல்லது. சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும், ஃபர்னஸ் சூடாக்கிய அறைக்காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். குளிருக்காகத்தான் செலவழிக்கிறீர்கள் என்றால், கண்ணாடியால் மூடி, வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடும் 'இன்சேர்ட்' கருவியை வாங்குங்கள். விலை கூட, ஆனால் அறை சூடாகும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் வலைத்தடுப்பு கட்டாயம் வேண்டும். அந்தக் கண்ணாடி கையைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

பனிக்காலத்துக்கு முன் கணப்பை மாற்ற நினைப்பவர்கள் முதலில் படுக்கையறை வாசலில் உள்ள அலாரத்தின் காலாவதித் திகதியைப் பாருங்கள். பிறகு வேலைக்கு வருபவரிடம் உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் கேளுங்கள்.