டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில், உழவு வாடகையில்

அல்லிநகரத்திலிருந்து ஒரு வாசகர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வங்கிக் கடனில் புது டிராக்டர் வாங்கியவர். வாங்கிய நாளிலிருந்து ஷோரூமிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டதாம். "கம்பெனியில ஒரு பார்ட்டை மாத்தச் சொல்லியிருக்காங்க, வண்டியைக் கொண்டு வந்துடுங்க" என்பார்களாம். முதல் முறை கோடையில் போனதால் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை ஹைட்ராலிக் பம்ப். வண்டி ஒன்பது நாள் நின்றது. மூன்றாம் முறையும் அதே பம்ப்தான். ஆனால் அது ஜூன் மாதம். நாற்று பறிக்கத் தயாராக இருந்தது. வண்டி பதினொரு நாள் ஷெட்டில் கிடக்க, வெளி வண்டியை வாடகைக்குப் பிடித்துச் சேற்றுழவு முடித்திருக்கிறார். தவணைக்கு வங்கி காத்திருக்கவில்லை. "அந்த வாடகையை யார் தருவது? அடுத்த முறை கூப்பிட்டால் போகாமல் இருக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

பதினொரு நாள் என்பது டவுனில் கார் வைத்திருப்பவருக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவே. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியில்லை. முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீரை நம்பி இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கிறது; அதில் தேனி வட்டத்தின் பங்கு 2,412 ஏக்கர். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். குறுகிய கால ரகத்தின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் நட்டாக வேண்டும். நாற்று முற்றினால் தூர் குறையும். பிறகு உரம் போட்டு அதை ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பிரேக், ஸ்டீயரிங், முன் அச்சு, எரிபொருள் கசிவு என்று உயிர் சம்பந்தப்பட்ட குறை என்றால் நடவு நேரமானாலும் வண்டியை விட்டே ஆக வேண்டும். மற்றவற்றுக்கு நாள் குறித்துக் கேட்கலாம். உழவு முடிந்த பிறகு கொண்டு வருவதாக எழுத்தில் கொடுத்து, டீலரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது எந்த வகைக் குறை என்று தெரிய, கம்பெனியின் அறிவிப்பைக் காகிதமாகவோ குறுஞ்செய்தியாகவோ கேட்க வேண்டும். போனில் சொன்னது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வண்டியைத் திரும்ப அழைப்பது கம்பெனி காட்டும் தயவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக வகுத்துக்கொண்ட நெறிமுறை மட்டுமே இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அடுத்த மாதமே சென்னையின் ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓட்டுபவருக்கோ, சாலையில் போகிறவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறை என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வண்டியை மாற்றித் தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும் என்கிறது சட்டம். வண்டி நிற்கும் நாட்களுக்கு மாற்று வண்டி தர வேண்டும் என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை. கலப்பையைத் தூக்காத பம்ப் இந்தப் பிரிவுக்குள் வருவதும் கடினம்.

மாற்று வண்டி கொடுக்க முடியாது என்பதல்ல. 2021 கொரோனா காலத்தில் டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டில் 2 ஏக்கருக்குள் நிலமுள்ளவர்களுக்கு டிராக்டர்களை இலவசமாகவே உழவுக்கு அனுப்பியது. மனம் இருந்தால் எந்தக் கம்பெனிக்கும் ஏற்பாடு செய்யத் தெரியும். எனவே வண்டியை விடும்போதே மாற்று வண்டி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் கேட்டதற்கு அத்தாட்சி இருக்கும்.

அல்லிநகரம் வாசகருக்கு உதவக்கூடியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. "டிராக்டர் தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் சொல்வார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்குகிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தில் வாங்கிய இயந்திரம் பற்றிய லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எழுதியது. அந்த வழக்கில் வாங்கியவர் தோற்றார். ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோர் என்றும், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்தாலும் அது மாறாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. சொந்த நிலத்தை உழுதுவிட்டு அக்கம்பக்கத்தில் கூலிக்கு உழுபவருக்கும் இந்த வாதம் பொருந்தும். நாலைந்து வண்டியும் சம்பள டிரைவர்களும் வைத்திருப்பவர் இதை நம்ப வேண்டாம்.

இனி காகிதம். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு வாங்க வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடக் கூடாது. 'ஹைட்ராலிக் பம்ப், இரண்டாம் முறை' என்று குறை அப்படியே இருக்க வேண்டும். விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் வேண்டும். இரண்டு நாளும் ஹவர் மீட்டர் காட்டிய எண்ணும் வேண்டும். வாரண்டி மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு இந்த எண்ணை மறுக்க முடியாது. வாடகை உழவுக்கு ரசீது வேண்டும். உழவு வண்டிக்காரர் ரசீது புத்தகம் வைத்திருக்க மாட்டார், எனவே வண்டி எண், மணி, தொகை எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்கி, பணத்தை ஜிபேயில் அனுப்பினால் போதும். இழப்பைக் கணக்கிடும்போது சொந்த வண்டிக்கு எப்படியும் ஊற்றியிருக்கும் டீசல் செலவைக் கழித்துவிட்டுக் கேட்பது நல்லது. முழு வாடகையும் மன உளைச்சலுக்கு லட்சமும் கேட்கும் மனுவைவிட, கழித்துக் கேட்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

வாடகைக்கு வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரையும் பார்க்கலாம். உழவன் செயலியில் 'இ-வாடகை' பகுதியில் முன்பதிவு உண்டு. சீசனில் வரிசை நீளம். ஆகவே ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் அன்றைக்கே பதிந்துவிட வேண்டும். வண்டி வராது என்று தெரிந்த பிறகு பதிந்தால் நாற்று முற்றிவிடும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், செலவில்லை. டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து, டெலிவரி அத்தாட்சி கேட்டு ஸ்பீடு போஸ்ட் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வண்டியின் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஒன்பது நாள் நின்ற அந்த இரண்டாம் முறையின் ஜாப் கார்டில் என்ன தேதி இருக்கிறது என்று அல்லிநகரம் வாசகர் இன்றைக்கே எடுத்துப் பார்ப்பது நல்லது.