இல்லம் பேணுவோம்: குளியலறைத் தரைக்குச் சூடு தேவையா?

சிங்காநல்லூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பழைய வீடு. குளியலறைத் தரையை உடைத்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம். கனடாவில் இருக்கும் மகன், "தரைக்கு அடியிலேயே கரண்ட்டு ஹீட்டர் பதிச்சுடலாம்மா, அப்பத்தாவுக்குக் கால் சில்லுன்னு இருக்காது" என்கிறாராம். "மாமியாருக்கு 78 வயசாச்சுங்க. முட்டி வலி, சர்க்கரை ரெண்டும் இருக்குது. இதெல்லாம் நம்மூருக்கு வேணுமுங்களா?" என்று கேட்கிறார்.

தரையைச் சூடாக்குவது புது வித்தை அல்ல. அந்தக் கால ரோமானியர்கள் குளியல் மண்டபத் தரையைக் குட்டித் தூண்களின் மேல் நிறுத்தி, அடியில் அனலை ஓட விட்டார்கள். கொரியாக்காரர்களின் 'ஒண்டோல்' வீட்டில் அடுப்பின் அனல் தரைக்கடியில் புகுந்து போகும். நம் காஷ்மீரில் 'ஹமாம்' அறையின் கல் தரைக்கு அடியில் விறகு எரியும். செப்புப் பாத்திரத்தில் தண்ணீரும் அதிலேயே காயும். கொரியாவும் காஷ்மீரும் பனி கொட்டுகிற ஊர்கள். இன்று அதே வேலையை டைல்ஸுக்கு அடியில் பதிக்கும் மின்கம்பிப் பாய் செய்கிறது.

நம்ம ஊர் எப்படி? மார்கழி, தை விடியற்காலையில் கோவையில் 18, 19 டிகிரி இருக்கும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். தை மாதத்தில் உறைபனி விழும் ஊட்டியில் வீடு என்றால் யோசிக்கலாம். சிங்காநல்லூருக்கு அவசியம் இல்லை என்பதே என் எண்ணம்.

"பின்னே ஏன் கால் சில்லுங்குது?" என்பீர்கள். கல்லும் டைல்ஸும் பாதத்தின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் இன்னும் அதிகம். அதே அறையில் ஒரு மரப்பலகை மேல் நின்று பாருங்கள், அவ்வளவு குளிர் தெரியாது. ஆகவே தரை காய்ந்திருந்தாலே பாதி சில்லிப்பு போய்விடும். வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்தும் அந்த ஈரம்தான். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நேற்றுவரை தானே எழுந்து நடமாடியவர் படுக்கையோடு கிடக்க நேரும். மகன் செலவழிக்க நினைக்கும் பணம் இதைத் தடுக்கப் போகட்டும்.

கொத்தனாரிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

1. வாட்டம். தண்ணீர் தேங்காமல் ஜாலியை நோக்கி ஓட, அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு நூல் சரிவு வேண்டும். டைல்ஸ் காய்ந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். எங்காவது குளம் கட்டினால் அன்றைக்கே சரி செய்யச் சொல்லுங்கள்.

2. டைல்ஸ். பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பானது வாங்குங்கள். தரைக்குச் சின்ன டைல்ஸ் நல்லது. இணைப்புகள் அதிகம் இருப்பதால் கால் பிடிக்கும். கடையிலேயே ஒன்றை நனைத்து, துளி சோப்பு தடவி, காலால் தேய்த்துப் பார்த்து எடுங்கள்.

3. கைப்பிடி. கழிப்பறை பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரோடு திருகிய எவர்சில்வர் கம்பி. துண்டு மாட்டும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது.

4. கதவு. வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கும்படி இருக்கட்டும்.

5. உட்கார்ந்து தண்ணி வாத்துக்க, கால்களில் ரப்பர் போட்ட உறுதியான ஸ்டூல்.

குளிருக்கு வெந்நீர் போதும். அந்நாளில் பொடக்காளியில் வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும். இப்போது 15 லிட்டர் கீசர் ஒரு தடவை காய முக்கால் யூனிட் கூட ஆகாது. மொட்டை மாடியில் இடமிருந்தால் சூரிய வெந்நீர்க் கலம் இன்னும் சிக்கனம். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் கீசருக்குள் சுண்ணாம்பு படியும். அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மகன் ஆசைப்பட்டால், கணக்கு இது. நடமாடும் தரை 20 சதுர அடி என்றால் சுமார் 300 வாட் கம்பி பிடிக்கும். 3 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குள்தான். கரண்ட் செலவு பெரிதில்லை. ஆனால் கம்பி பழுதானால் டைல்ஸை உடைக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியைத் திருகும் இடத்தில் கம்பி போகக் கூடாது. தரைச் சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தரை அதிகமாகச் சுட்டாலும் தெரியாது. இந்தக் காரணத்துக்காகவே உங்கள் மாமியாருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவர் குளிக்கும் வெந்நீரையும் நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள்.

தரை ஹீட்டரோ கீசரோ, எதுவானாலும் எர்த் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாமல் ஈரமான அறையில் மின்சாரம் வேண்டாம்.

கைப்பிடிக் கம்பி எங்கே வரவேண்டும் என்பதைக் கொத்தனார் தீர்மானிக்க வேண்டாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முந்தின நாள் மாமியாரை உள்ளே அழைத்துப் போங்கள். நிதானமாக உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். அவர் கை தானாகச் சுவரில் எங்கே போய் ஊன்றுகிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.