மாவட்டக் கணக்கில் சேரி எங்கே?

"உணர்ச்சிவசப்படாதீங்க தோழர், மாவட்டப் புள்ளிவிவரத்த வச்சுப் பேசுங்க" என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். சரி, அதை வைத்தே பேசுவோம்.

1960களில் தஞ்சை மாவட்டத்துக்குத் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. நெல் விளைச்சல் ஏறியது என்றது மாவட்டக் கணக்கு. பொய்யில்லை. அந்த நெல்லை அறுத்தவர்கள் அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்டார்கள். அதே மாவட்டத்தின் கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். விளைச்சலுக்குக் கட்டம் போட்ட அட்டவணையில், அது யார் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போனது என்பதற்குக் கட்டமில்லை.

ஊரில் 300 வீடு, சேரியில் 100 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுக்கக் குழாய். சேரியில் ஒன்றுகூட இல்லை. அதிகாரி எழுதுவார்: 75 சதவீதம் குடிநீர் வசதி. படிக்கிறவன், இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்று நினைப்பான். அந்த 25 சதவீதமும் ஒரே பக்கம், ஒரே சாதியில் கிடக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வருவாய்க் கிராமம் என்று ஒரே பேரைப் போட்டு ஊரையும் சேரியையும் காகிதத்தில் சேர்த்துவிட்டார்கள். சுடுகாட்டில் சேர்ப்பார்களா?

2011 கணக்கெடுப்பில் தாழ்த்தப்பட்டோர் திருவாரூர் மாவட்டத்தில் 34 சதவீதம், கன்னியாகுமரியில் 4 சதவீதம். நாலுதானே என்று விட்டுவிடாதீர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஞானஸ்நானம் வாங்கிய சாம்பவருக்குச் சாதி போகவில்லை, கணக்கிலிருந்து பேர்தான் போனது. அப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அந்த 4 சொல்லாது.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1891இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியர் திரமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கைதான் 1892 பஞ்சமி நில ஆணைக்கு வித்து. நிலமில்லாமையையும் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததையும் சேரியின் பக்கம் நின்று பார்த்த கணக்கு அது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் அதே செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கணக்கு எழுதிய நூறு வருஷம் கழித்தும் நிலம் நம் கைக்கு வரவில்லை. ஆனாலும் நமது நிலம் என்று சொல்ல அந்த ஆணைதான் கையில் இருக்கிறது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பை நடத்தவில்லை. 2027இல் சாதிவாரியாக எடுப்பதாக அறிவித்திருக்கிறார்கள். மாவட்டத்தோடு நிறுத்தாதே, ஊர் வேறு சேரி வேறாக வெளியிடு என்று கேட்போம். அவர்கள் எண்ணுகிறவரை நாம் ஏன் சும்மா இருக்கணும்? குழாய் எத்தனை, பட்டா எத்தனை, பிணம் போக வழியுண்டா, கல்லூரி வாசலை மிதித்த பொண்ணுங்க எத்தனை? ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போங்க. மாவட்ட ஆட்சியர் மேசையில் அவர் புத்தகத்துக்குப் பக்கத்தில் அதையும் வைப்போம். எது கணக்கு என்று அப்புறம் பேசலாம்.