கண்களை மூடச் சொல்லுமுன்

அமைதி இல்லாத இடத்தில் அமைதி நிலவுவதாகச் சொல்லி, மக்களின் காயத்தை மேலோட்டமாக ஆற்ற முயன்றவர்களை இறைவாக்கினர் எரேமியா கடிந்துகொண்டார். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் குழந்தைகளின் மனநலத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிற நம்மில் பலருக்கும் அக்கடிந்துரை பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஜூன் 21-ஆம் நாளை உலக யோகா நாளாக அறிவித்தது. அதற்கடுத்த ஆண்டு முதல் பள்ளி மைதானங்களில் பாய் விரித்துப் பிள்ளைகள் அமர்வது ஆண்டுதோறும் காணும் காட்சியாயிற்று. உடலுக்கென்று தொடங்கிய பயிற்சி இன்று மனத்துக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பிள்ளை அஞ்சுகிறானா? மூச்சை இழுத்து விடட்டும். படிப்பில் கருத்து ஊன்றவில்லையா? கண்களை மூடி அமரட்டும். எளிய மருந்து, செலவும் இல்லை. அந்த எளிமையே நம்மை மயக்குகிறது.

கத்தோலிக்கரிடையே யோகம் என்றவுடன் எழும் சச்சரவு வேறு. அது நம் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்பர் சிலர். உடற்பயிற்சிக்கு மதம் ஏது என்பர் வேறு சிலர். இவ்வழக்கில் திருச்சபை என்றோ நிதானமான நிலையை எடுத்துவிட்டது. 1989 அக்டோபரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் குறித்து வெளியிட்ட மடல், பிற சமய நெறிகளில் பயனுள்ளவற்றை முன்முடிவோடு ஒதுக்க வேண்டியதில்லை என்றது. அதே மடல், உடற்பயிற்சி தானாகவே தருகின்ற இதமான அமைதியைத் தூய ஆவியார் அருளும் ஆறுதலாக மயங்கிவிடலாகாது என்றும் எச்சரித்தது. நாமோ முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறோம். இரண்டாம் பாதியை மறந்துவிட்டோம். குழந்தை அசையாமல் அமர்ந்திருப்பதைக் கண்டு அதன் உள்ளம் ஆறிவிட்டதாக நம்புவதும் அதே மயக்கந்தான்.

யோகத்தால் பயனே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. பயன் உண்டு; அதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மக்கள் ஏற்கெனவே அறிந்த மூச்சுப் பயிற்சியையும் மந்திர உச்சரிப்பையும் சிகிச்சையில் கையாண்டார். இந்துவுக்கு ஓங்காரம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, இசுலாமியருக்குத் திக்ர் என அவரவர் மரபிலிருந்தே மருந்தை எடுத்துக் கொடுத்தார். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில் 31 குழந்தைகளுக்கு இருவகைச் சிகிச்சை தரப்பட்டது. ஒரு பகுதியினருக்குத் தம் துயரக் கதையை முழுமையாகச் சொல்லவைக்கும் முறை. மற்றவர்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவிலும் பத்தில் ஏழு பேருக்கு மேல் தேறியிருந்தனர்.

ஆனால் அச்சான்று எதைச் சொல்கிறது என்று முழுமையாகக் கேளுங்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு குழந்தையோடும் அமர்ந்தார். ஓரிரு நாளில் முடித்துக்கொள்ளாமல் ஆறு அமர்வுகள் நடத்தினார். நானூறு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லும் சடங்குக்கு இச்சான்றைத் துணைக்கு அழைக்க முடியாது. தீயைக் கண்ட பிள்ளையிடம் கண்களை மூடு என்கிறோம். மூடிய இமைக்குள் அப்பிள்ளை எதைக் காணும் என்று கேட்டோமா? பேரதிர்ச்சிக்கு ஆளான சிலருக்கு மூச்சின்மீது கவனம் வைப்பதே அச்சத்தைக் கிளறிவிடக்கூடும். அருகில் அறிந்தவர் ஒருவர் இல்லாதபோது மருந்தே நோயாகிவிடும்.

இன்னொரு வேறுபாடு இதனினும் பெரிது. ஆழிப்பேரலை வந்தது; போயிற்று. நம் வட்டாரத்தில் அலை திரும்பத் திரும்ப வருகிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஊர்ப்பெயர் மாறுகிறது, காரணம் மாறுவதில்லை. மருந்துக் கலவையில் உராய்வு, ஓர் அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், உரிமம் ஒருவர் பெயரிலும் உள்குத்தகை வேறொருவர் கையிலும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, தாய் தூக்குச்சட்டியோடு ஆலை வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட்டே வருகிறது. தொலைவில் வெடியோசை கேட்டால் வகுப்பே எழுந்து நிற்கிறது. அந்த அச்சம் நோயன்று. கண்முன் உள்ள உண்மையைச் சரியாக அறிந்துகொண்ட அறிவு. அதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் தருவோமாயின், கூரை ஒழுகும் வீட்டில் பிள்ளைக்கு நனையப் பழக்கிவிடுகிறோம்.

யோக நூலார் இதை ஏற்கமாட்டார். பதஞ்சலி வகுத்த எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. முதல் உறுப்பு இயமம். அதில் முதலாவதாக நிற்பது அகிம்சை. நம் திருமூலரும் இயமத்தைச் சொல்லும்போது கொல்லாமையையே முதலில் வைக்கிறார். பொய்யாமையும் கள்ளாமையும் அடுத்து வருகின்றன. ஆக, உரிமத்தில் பொய், கூலியில் களவு, பாதுகாப்பில் அலட்சியம் என்று முதல் உறுப்பைப் பெரியவர்கள் நாம் முறித்துவிட்டு, மூன்றாவதையும் நான்காவதையும் குழந்தையின் தலையில் ஏற்றுகிறோம். யோகத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர், பசித்த பிள்ளைக்குப் பசியைப் பொறுக்கும் கலையைக் கற்பிக்கவில்லை. சோறு போட்டார், பிறகு பாடம் நடத்தச் சொன்னார். அந்த வரிசையை நாம் தலைகீழாக்கலாகாது.

பட்டாசுத் தொழிலை மூடிவிட வேண்டுமா எனச் சினத்தோடு கேட்பவர் உண்டு. வானம் பார்த்த இக்கரிசல் பூமியில் இத்தொழில் எத்தனை அடுப்புகளை எரியவைக்கிறது என்பதை நாமறிவோம். குழந்தைகளை ஆலையிலிருந்து மீட்கக் கோரியபோதும் இதே கேள்விதான் எழுந்தது. 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தொழில் அழிந்துவிடவில்லை. பிள்ளைகளின் கைகளை மருந்திலிருந்து விடுவித்தோம். அவர்கள் நெஞ்சை அந்த அச்சத்திலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை.

எனவே இறைமக்களாகிய நம்முன் உள்ள கடமை தெளிவானது. நம் பள்ளிகளில் யோகப் பயிற்சி நடக்கட்டும். ஆனால் குழந்தையோடு தனித்து அமர்ந்து கேட்கத் தெரிந்த ஆலோசகர் ஒருவரேனும் ஒவ்வொரு பள்ளிக்கும் எட்டும்படி இருக்கட்டும். ஆசிரியர் சிலரை அதற்கெனப் பயிற்றுவிக்கும் பொறுப்பை மறைமாவட்டம் ஏற்கட்டும். வெடிவிபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை செலவை ஏற்பதாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. அவ்வுதவி நம் பங்கில் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்ந்ததா என அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் வீடு வீடாகக் கேட்கட்டும். ஆலை நடத்துவோரும் ஒப்பந்தம் எடுப்போரும் நம் பீடத்தின் முன்னும் மண்டியிடுகிறார்கள் என்றால், உள்குத்தகையும் ஆள்நெரிசலும் பாவசங்கீர்த்தனத்துக்குரியவை என்று மறையுரைகள் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

இவ்வளவும் செய்தபின் குழந்தையிடம் மெல்லச் சொல்லலாம், கண்களை மூடிக்கொள் என்று. அது திறந்து பார்க்கும்போது தாய் வீடு திரும்பியிருக்க வேண்டும்.