கோபா அத்தையின் கொடி



போர் நினைவுச்சின்னம்னா துப்பாக்கி ஏந்திய சிப்பாய் சிலைதான்னு நினைச்சிருந்தேன். நெதர்லாந்தின் டில்பர்க் நகரைப் பற்றிப் படித்ததும் என் எண்ணம் மாறிடுச்சு.

இரண்டாம் உலகப் போரில் அந்த நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தது. விமானம் வீழ்ந்து தப்பிய நேச நாட்டு விமானிகளை கோபா புல்ஸ்கென்ஸ் என்ற அறுபது வயதை நெருங்கிய பெண்மணி தன் வீட்டில் ஒளித்து வைத்தார். எல்லோருக்கும் அவர் 'கோபா அத்தை'. 1944 ஜூலை 9-ல் ஜெர்மன் ரகசியப் போலீஸ் உள்ளே புகுந்து, ஆயுதமில்லாத மூன்று விமானிகளைச் சுட்டுக் கொன்றது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என நாட்டுக்கு ஒருவர்! உடல்களை மூடத் துணி கேட்டார்கள். விடுதலை நாளுக்காகப் பத்திரப்படுத்தியிருந்த தேசியக் கொடியை அத்தை எடுத்துக் கொடுத்தார். 1945-ல் ராவன்ஸ்புருக் வதைமுகாமில் உயிரிழந்தார்.

இன்று டில்பர்க்கில் விமானிகளோடு அவரையும் நினைவுகூர்கிறார்கள். ஒரு சாலைக்கே அவர் பெயர்!

"அவங்க சண்டையே போடலையே?" என்று சிலர் கேட்கலாம். விமானிகளுக்குப் போர் கடமை. அத்தைக்கு யாரும் உத்தரவு போடலை. கதவைச் சாத்தியிருந்தா பிழைச்சிருப்பாங்க. தெரிஞ்சேதான் திறந்தாங்க.

நாம் படிக்கும் வரலாற்றில் தளபதிகள் பெயர்தான் அதிகம். கதவைத் திறந்தவங்க பெயரும் வேணும் என்பது என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?

– பத்தாம் வகுப்பு மாணவி